முதலில் ஓர் ஆண்டறிக்கை: மதிப்பு முதலீட்டு வேலைக்குப் போக விரும்பும் நெல்லைப் பட்டதாரிகளுக்கு

பட்டம் வாங்கிய கையோடு என்னைத் தேடி வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "பங்கு ஆய்வு வேலைக்குப் போக வேண்டும், எந்தக் கோர்ஸில் சேரலாம்?" பாளையங்கோட்டையிலும் பேட்டையிலும் அபிஷேகப்பட்டியிலும் படித்துவிட்டு வருகிறவர்கள், கெட்டிக்காரர்கள். ஆனால் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை யாராவது படித்திருக்கிறீர்களா என்று திருப்பிக் கேட்டால் பதில் வருவதில்லை. கோர்ஸுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை அதுதான். ஒரே ஒரு நிறுவனத்தை எடுத்து, அதை அக்குவேறு ஆணிவேறாகப் படித்து, உங்கள் கையால் ஓர் ஆய்வறிக்கை எழுதுங்கள். உங்களை உள்ளே அழைத்துப்போகப் போவது அந்த அறிக்கை. சான்றிதழ்கள் அதன் பின்னால் வரட்டும்.

நான் வணிகவியல் படித்துவிட்டு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போய், ஓர் ஆய்வு நிறுவனத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன். மும்பையில் தெரிந்தவர் என்று எனக்கு யாரும் கிடையாது. எந்தக் கதவு திறந்தது, எந்த மாதங்களை வீணாக்கினேன் என்பதை வைத்தே கீழே உள்ளவற்றைச் சொல்கிறேன்.

இது என்ன வேலை

தாமிரபரணிப் பாசனத்தில் வயல் வாங்கப் போகும் பெரியவரைக் கவனித்துப் பாருங்கள். பக்கத்து வயல் போன வாரம் என்ன விலைக்குப் போனது என்று மட்டும் விசாரித்துவிட்டு அவர் முன்பணம் கொடுப்பதில்லை. கன்னடியன் கால்வாயா, கோடகன் கால்வாயா, பாளையங்கால்வாயா என்று கேட்பார். தலைமடையா கடைமடையா என்று கேட்பார். கார், பிசானம் என்ற இரண்டு போக நெல்லும் விளைகிறதா, பிசானம் மட்டும்தானா என்று கேட்பார். பத்து வருடத்தில் எத்தனை வருடம் தண்ணீர் வராமல் போனது என்று பக்கத்து வயல்காரரிடம் தனியாக விசாரிப்பார். கடைசியாக வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார். இவ்வளவுக்கும் பிறகு அந்த வயல் தனக்கு எவ்வளவு பெறும் என்று மனதில் ஒரு தொகை வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே கிடைத்தால்தான் வாங்குவார்.

மதிப்பு முதலீடு இதேதான். தொழிலின் மதிப்பு வேறு, அதன் பங்குக்குச் சந்தையில் இன்று சொல்லப்படும் விலை வேறு. மதிப்பை நிதானமாகக் கணக்கிட்டு, விலை அதைவிட நன்றாகக் குறைந்திருக்கும்போது மட்டும் வாங்க வேண்டும். அந்த வித்தியாசத்துக்குப் பாதுகாப்பு இடைவெளி என்று பெயர். நம் கணக்கு கொஞ்சம் தப்பினாலும் அது நம்மைத் தாங்கும். இதை ஒரு பாடமாகவே ஆக்கி, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1928 முதல் நடத்தியவர் பெஞ்சமின் கிரஹாம்.

ஆய்வாளரின் அன்றாடம் வாசிப்புதான். அறிக்கை, கணக்கு, போட்டி நிறுவனத்தின் அறிக்கை, மறுபடியும் கணக்கு. ஒரு வாரம் முழுக்கப் படித்துவிட்டு "இது வேண்டாம்" என்று முடிக்கும் வாரங்களே அதிகம். ஏறி இறங்கும் திரையைப் பார்ப்பதில்தான் உங்களுக்கு இன்பம் என்றால் இது உங்களுக்கான இடமில்லை. கல்லூரி முடிக்கும் முன்பே எஃப் அண்ட் ஓ வர்த்தகத்தில், அதாவது பங்கு விலை இனி ஏறுமா இறங்குமா என்று ஒப்பந்தம் போடும் வர்த்தகத்தில், அப்பாவின் சேமிப்பைக் கரைத்துவிட்டு வந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். எழுதும்போதே மனது கனக்கிறது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் அந்தப் பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அந்தச் செயலியை இன்றே கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டு மேலே படியுங்கள்.

கணக்கு மொழி

வணிகவியல் படிக்காதவர் பயப்பட வேண்டாம். தமிழ்நாடு அரசின் 11, 12-ஆம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூல்கள் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டையும் பயிற்சிக் கணக்குகளோடு முடித்துவிடுங்கள். தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று மாதம் போதும். பொறியியல் முடித்தவர்கள் "இது பள்ளிக்கூடப் புத்தகம்தானே" என்று தாண்டிப் போகிறார்கள், பிறகு பற்று எது வரவு எது என்று தடுமாறுகிறார்கள்.

வணிகவியல் படித்தவருக்கு வேறொரு சிக்கல் உண்டு. அவருக்கு விடை எழுதத் தெரியும், கணக்குக்குப் பின்னால் இருக்கும் தொழில் கண்ணில் படாது. நான் அப்படித்தான் இருந்தேன். கல்லூரியின் கடைசி ஆண்டில் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுத உதவிக்குப் போயிருந்தேன். மார்ச் முடிந்து லாப நட்டக் கணக்கைப் போட்டதும், நல்ல லாபம் என்று உற்சாகமாக முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்த நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் கடைகளின் பெயர், பாக்கித் தொகை, சில பெயர்களுக்கு எதிரே சிவப்பு மையில் சுழி. பிறகு என்னைக் கிட்டங்கிக்குள் கூட்டிப்போனார். பிசான நெல் உத்தரம் வரைக்கும் அடுக்கியிருந்தது.

"லாபம் வந்திருக்கிறது தம்பி, பணம் வரவில்லையே" என்றார். "பாதி அந்த நோட்டில் இருக்கிறது, பாதி இந்த மூட்டையில் இருக்கிறது. வங்கியில் வட்டியைப் பணமாகத்தான் கேட்பார்கள்."

"அப்படியென்றால் இந்தக் கணக்கு தப்பா அண்ணாச்சி?"

"கணக்கு சரிதான். நீ அடுத்த தாளையும் போட்டிருக்க வேண்டும்."

அந்த அடுத்த தாள்தான் பணப்புழக்க அறிக்கை. ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்துப் பாருங்கள். ஆண்டு லாபம் 40 கோடி. தேய்மானம் 10 கோடி. அது கையை விட்டுப் போகாத செலவு என்பதால் திரும்பச் சேர்த்தால் 50 கோடி. வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி 60 கோடியிலிருந்து 95 கோடியாகியிருக்கிறது. 35 கோடி அங்கே முடங்கியது. சரக்கு இருப்பு 50-லிருந்து 70 ஆகியிருக்கிறது. அதில் 20 கோடி. சரக்கு கொடுத்தவர்களுக்கு நாம் தர வேண்டிய பாக்கி 5 கோடி கூடியது. அது நமக்கு வந்த அவகாசம். 50-இல் 35-ஐயும் 20-ஐயும் கழித்து 5-ஐக் கூட்டினால் சுழியம். 40 கோடி லாபம் என்று அறிவித்த நிறுவனத்துக்கு அந்த ஆண்டு தொழிலிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கைக்கு வரவில்லை. ஓராண்டு இப்படி ஆவது இயல்பு. ஐந்தாண்டாக இதே கதை என்றால், அந்த லாபத்தை நம்பக் கூடாது.

இந்தக் கணக்கை எந்த நிறுவனத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடும் அளவுக்குப் பழகிவிட்டால், பாதித் தூரம் வந்துவிட்டீர்கள்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது

எல்லோரும் பேசும் பெரிய மென்பொருள் நிறுவனத்தை எடுக்காதீர்கள். அதைப் பற்றி உங்களிடமிருந்து புதிதாகக் கேட்க மும்பையில் யாரும் காத்திருக்கவில்லை. நீங்கள் கண்ணால் பார்க்கக்கூடிய தொழிலை எடுங்கள். அந்த வகையில் நம் சீமை பாக்கியம் செய்தது. கீழே சொல்கிறவை படிப்பதற்காக. வாங்கவோ விற்கவோ நான் சொல்லவில்லை.

ஆறுமுகநேரிக்குப் பக்கத்தில் சாகுபுரத்தில் டி.சி.டபிள்யூ. ஆலை இருக்கிறது. உப்பையும் மின்சாரத்தையும் வைத்துக் காஸ்டிக் சோடா தயாரிக்கிறார்கள். உடன் வரும் குளோரின் பி.வி.சி. போன்ற பொருட்களுக்குப் போகிறது. தூத்துக்குடி உப்பளங்களைப் பஸ் ஜன்னல் வழியே பார்த்து வளர்ந்த உங்களுக்கு மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் காஸ்டிக் சோடாவின் விலை உலகச் சந்தையில் முடிவாகிறது. நல்ல வருடத்து லாபத்தை நிரந்தரம் என்று எடுத்துக்கொண்டால் மதிப்பீடு முழுவதும் தப்பிவிடும் என்ற பாடத்துக்கு இதைவிடத் தோதான நிறுவனம் கிடையாது. பத்தாண்டு லாபத்தை ஒரே தாளில் எழுதிப் பாருங்கள்.

தூத்துக்குடி ஸ்பிக் உர நிறுவனம் இன்னொரு பாடம். யூரியாவுக்கு விவசாயி கொடுக்கும் விலையை அரசு நிர்ணயிக்கிறது, மீதியை மானியமாக அரசு தருகிறது. ஆகவே அந்த நிறுவனத்தின் ஐந்தொகையில், அதாவது சொத்தும் பொறுப்பும் எழுதிய தாளில், "வர வேண்டிய மானியம்" எந்தத் தேதியில் எவ்வளவு நின்றது என்பது விற்பனைத் தொகையைவிட முக்கியமாகிவிடும்.

தாழையூத்து சிமெண்ட் ஆலை 1949-இல் தொடங்கியது. இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் முதல் ஆலை. அந்த நிறுவனம் 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் சிமெண்ட் நிறுவனத்தின் வசம் போனது. அதற்கு முந்தைய பத்து ஆண்டறிக்கைகளை வரிசையாக வைத்து, கடன் எப்படி நகர்ந்தது, ஒரு டன்னுக்கு என்ன லாபம் நின்றது, அதே ஆண்டுகளில் ராம்கோ சிமெண்ட்ஸுக்கு எவ்வளவு நின்றது என்று ஒப்பிடுங்கள். எந்தக் கல்லூரியும் இதற்கு இணையான பயிற்சியைத் தராது என்பது என் உறுதியான எண்ணம்.

தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கியை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ எடுங்கள். 1921-இல் நாடார் வங்கியாகத் தூத்துக்குடியில் தொடங்கி, 1962-இல் பெயர் மாறி, 2022 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கு வந்த வங்கி. ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் எளிது என்று தோன்றும். ஆனால் வங்கியின் கணக்கு வேறு இலக்கணம். நமக்குப் பொறுப்பாக இருக்கும் கடன் அவர்களுக்குச் சொத்து, நமக்குச் சொத்தாக இருக்கும் டெபாசிட் அவர்களுக்குப் பொறுப்பு. முதல் நிறுவனமாக எடுத்தால் குழம்பிப் போவீர்கள்.

ஆண்டறிக்கையைப் பின்னாலிருந்து படியுங்கள்

நிறுவனத்தின் தளத்திலும் மும்பைப் பங்குச் சந்தை, தேசியப் பங்குச் சந்தை ஆகியவற்றின் தளங்களிலும் ஆண்டறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்து ஆண்டுகளையும் இறக்கிக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் வண்ணப்படங்களும் தலைவரின் உரையும் இருக்கும். அவற்றைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.

தணிக்கையாளர் அறிக்கையில் தொடங்குங்கள். "இதைத் தவிர மற்றவை சரி" என்ற பொருளில் ஏதாவது எழுதியிருக்கிறாரா? அதன் இணைப்பில் வரி பாக்கி, கடன் தவணை தவறியது போன்றவை தனித்தனியாக வரும். இடையில் தணிக்கையாளர் விலகியிருந்தால் அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கணக்குக் குறிப்புகள். அதில் தொடர்புடைய தரப்பினரோடு நடந்த பரிவர்த்தனைகள் என்ற பகுதியை இரண்டு முறை படியுங்கள்: நிறுவனம் நடத்தும் குடும்பத்தின் வேறு கம்பெனிகளுக்குக் கடன் போகிறதா, வாடகை போகிறதா, சரக்கு அவர்கள் வழியாகத்தான் வாங்கப்படுகிறதா? வழக்கில் தோற்றால் கட்ட வேண்டிவரும் தொகைகள் ஒரு பட்டியலாக இருக்கும். அதை நிகர மதிப்போடு, அதாவது சொத்தில் பொறுப்புகளைக் கழித்த மீதியோடு, ஒப்பிடுங்கள். நிறுவனர்கள் தங்கள் பங்கை அடமானம் வைத்திருக்கிறார்களா என்பது ஆண்டறிக்கையைவிட, காலாண்டுக்கு ஒருமுறை சந்தைக்குக் கொடுக்கும் பங்குதாரர் பட்டியலில் உடனுக்குடன் தெரியும். வயலுக்கு வில்லங்கம் பார்ப்பது போல இதைப் பார்க்காமல் எதையும் முடிக்காதீர்கள்.

அதற்குப் பிறகு பணப்புழக்கம், ஐந்தொகை, லாப நட்டம். கடைசியில் தலைவர் உரை: ஐந்தாண்டுக்கு முன்னால் என்ன வாக்குக் கொடுத்தார், என்ன நடந்தது என்று பக்கத்தில் பக்கம் வைத்துப் படியுங்கள்.

அதிகம் பேருக்குத் தெரியாத இரண்டு ஊற்றுகள் உண்டு. வாங்கிய கடனை ஒரு நிறுவனம் திருப்பிக் கட்டுமா என்று பார்த்துத் தரம் கொடுக்கும் கிரிசில், இக்ரா, கேர் போன்ற தர மதிப்பீட்டு நிறுவனங்கள் தாங்கள் கொடுத்த தரத்துக்கான காரணத்தைச் சில பக்கங்களில் வெளியிடுகின்றன. பங்குச் சந்தையில் இல்லாத சிறு நூற்பாலை, அரிசி ஆலைகளுக்கும்கூட. கடன் கொடுத்தவரின் கண்ணால் தொழிலைப் பார்க்க அது கற்றுத்தரும். இன்னொன்று, கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டினால், பட்டியலிடப்படாத போட்டி நிறுவனத்தின் கணக்குகளையும் பார்க்கலாம்.

போட்டியைப் பற்றிப் படிக்கும்போது நம் மண்ணின் வரலாற்றை நினைத்துக்கொள்ளுங்கள். வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், 10 லட்சம் ரூபாய் மூலதனம் என்று திட்டமிட்டார். தூத்துக்குடி–கொழும்பு வழியில் வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. கடைசியில் அவர்கள் இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுப்பதாகச் சொன்னார்கள். ஆட்சியும் எதிரியாக நின்று 1908-இல் அவரைச் சிறையில் தள்ளியது. 1911-இல் கம்பெனி கலைந்தது. அந்தத் தியாகத்தின் முன் தலை வணங்குகிறேன். ஆய்வாளராக அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: நாளைக்கே ஒரு பணக்காரப் போட்டியாளர் விலையைப் பாதியாக்கினால் இந்த நிறுவனம் எத்தனை மாதம் தாங்கும்? உங்கள் அறிக்கையில் இதற்கு விடை இருக்க வேண்டும்.

நேரில் விசாரிப்பதில் ஒரு எல்லை உண்டு. ஆலைக்கு வெளியே நின்று லாரிகளை எண்ணலாம்; கடைக்காரரிடம் எந்த சிமெண்ட் மூட்டை வேகமாக நகர்கிறது என்று கேட்கலாம். ஆனால் உள்ளே வேலை பார்க்கும் மாமா பையன் "இந்தக் காலாண்டில் லாபம் இத்தனை கோடி" என்று அறிவிப்புக்கு முன்னால் சொன்னால், அதை வைத்துப் பங்கு வாங்குவது சட்டப்படி குற்றம். கேட்காதீர்கள், தானாகச் சொல்ல வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

மதிப்புப் போடுவது

இதில் நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. உரிமையாளர் தொழிலைக் கெடுக்காமல் ஆண்டுதோறும் எடுத்துக்கொள்ளக்கூடிய பணம் 30 கோடி என்று பல ஆண்டுச் சராசரியிலிருந்து கண்டுபிடித்தீர்கள் என்று வையுங்கள். வளர்ச்சியே இல்லை என்று வைத்து, உங்களுக்கு 12 சதவீத வருமானம் வேண்டுமென்றால், 30-ஐ 0.12-ஆல் வகுக்க 250 கோடி. சந்தை விலையை மொத்தப் பங்குகளால் பெருக்கினால் 400 கோடி வருகிறது என்றால் ஒதுங்கிவிடுங்கள். 150 கோடி என்றால் 40 சதவீத இடைவெளி. அப்போதுதான் வேலையே தொடங்குகிறது, ஏன் இவ்வளவு மலிவு என்று கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் சந்தையிடம் ஒரு நியாயமான காரணம் இருக்கும். பத்துப் பத்தி உள்ள எக்செல் தாளைவிட, 30 கோடி என்று சொன்னீர்களே அது ஏன் 20 அல்ல என்ற கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதிலைத்தான் நேர்முகத் தேர்வில் பார்ப்பார்கள்.

எழுதுங்கள்

என் முதல் அறிக்கை 32 பக்கம். வரைபடம், வண்ணம், எல்லாம் இருந்தது. என் மேலாளர் அதைப் புரட்டிவிட்டு, "இவர்களுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள், ஏன் இவர்களிடமே வந்து கொடுக்கிறார்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஆறு பக்கத்துக்குள் எழுதிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து ஆறு பக்கம்தான். தொழில் எப்படி நடக்கிறது, யார் நடத்துகிறார்கள், பத்தாண்டு எண்கள், போட்டி, மதிப்பு, ஆறாவது பக்கத்தில் "நான் எங்கே தப்பாக இருக்கக்கூடும்". அந்த ஆறாவது பக்கத்தை நேர்மையாக எழுதுகிறவர் குறைவு. வேலை கொடுப்பவர் அதைத்தான் முதலில் திறக்கிறார்.

மொழி பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்துக்குப் பயந்து இந்தத் துறைப் பக்கமே வராமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஆண்டறிக்கையும் ஆங்கிலத்தில்தான், வேலையும் ஆங்கிலத்தில்தான், மறைப்பதற்கில்லை. ஆனால் ஆய்வு அறிக்கைக்கு வேண்டிய ஆங்கிலம் சிறியது, திரும்பத் திரும்ப வரும் சில நூறு சொற்கள். முதலில் தமிழில் எழுதி உங்கள் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரிந்தால் உங்களுக்கும் புரிந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு சின்னச் சின்ன வாக்கியங்களாக ஆங்கிலத்தில் எழுதுங்கள். பட்டியலிட்ட நிறுவனங்கள் பல, காலாண்டு முடிவுகளுக்குப் பின் ஆய்வாளர்களோடு பேசும் உரையாடலின் ஒலிப்பதிவையும் எழுத்து வடிவத்தையும் வெளியிடுகின்றன. ஒலியைக் கேட்டுக்கொண்டே எழுத்தைப் படியுங்கள். ஆறு மாதத்தில் காது பழகிவிடும்.

சான்றிதழ்கள், சுருக்கமாக

செபி உருவாக்கிய தேசியப் பங்குச் சந்தைக் கல்வி நிறுவனம், என்.ஐ.எஸ்.எம்., நடத்தும் ஆய்வாளர் தேர்வு, வரிசை எண் 15, முதலில் எழுத வேண்டியது. 60 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கு கழியும். சான்றிதழ் மூன்றாண்டுக்குச் செல்லும். ஒழுங்காகப் படித்தால் இரண்டு மாதம்.

கணக்கில் மனம் ஒன்றுகிறவருக்கு சி.ஏ. மிக நல்ல அடித்தளம். வணிகவியல் பட்டத்தில் 55 சதவீதமும் மற்றப் பட்டங்களில் 60 சதவீதமும் இருந்தால் நேரடியாக இடைநிலைக்குப் போகலாம். 2023-இல் வந்த புதிய திட்டத்தில் பயிற்சிக் காலம் இரண்டாண்டு. அதைத் திருநெல்வேலியிலேயே ஒரு தணிக்கை அலுவலகத்தில் செய்யலாம். பாத்திரக்கடை முதல் நூற்பாலை வரை அத்தனை பேரின் உண்மையான கணக்கையும் கையால் தொடும் வாய்ப்பு அது. முதலீட்டு ஆய்வுக்கான சர்வதேசத் தேர்வான சி.எஃப்.ஏ. மூன்று நிலைகள், கட்டணம் டாலரில்; முதல் வேலை கிடைத்து, சம்பளத்திலிருந்து கட்டுங்கள். இதற்காகக் கடன் வாங்காதீர்கள். சாதாரணக் கல்லூரியில் லட்சக்கணக்கில் கட்டி எம்.பி.ஏ. சேர்வதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

எந்தக் கதவைத் தட்டுவது

நிதி மேலாளர் வேலைக்கு நேராகப் போக முடியாது. பரஸ்பர நிதிகளிலும், குறைந்தது 50 லட்ச ரூபாய் போடுகிறவர்களின் பணத்தை நிர்வகிக்கும் பி.எம்.எஸ். நிறுவனங்களிலும் ஆய்வாளர் இடங்கள் சில. அவற்றில் பெரும்பாலானவை மும்பையில். ஆகவே பக்கவாட்டுக் கதவுகள்: தர மதிப்பீட்டு நிறுவனங்கள், தரகு நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவு, வெளிநாட்டு நிதிகளுக்குச் சென்னையிலிருந்து ஆய்வு செய்துதரும் அலுவலகங்கள், வங்கிகளின் கடன் மதிப்பீட்டுப் பிரிவு. என்னைக் கேட்டால் வங்கிக் கடன் பிரிவில் இரண்டாண்டு இருந்தவர் பங்கு ஆய்வுக்கு வந்தால் அவர் மற்றவர்களைவிட ஒரு படி மேல். பணம் திரும்பி வருமா என்று கேட்டே பழகியவர் அவர்.

வெறும் சுயவிவரத்தை அனுப்பாதீர்கள். ஒரு பக்கக் கடிதம், அதோடு ஆறு பக்க அறிக்கை. முதல் வரியிலேயே நீங்கள் ஆராய்ந்த நிறுவனத்தைப் பற்றி உருப்படியான ஒரு செய்தி இருக்கட்டும். அந்தத் துறையை ஆராய்கிறவர் யார் என்று பார்த்து அவருக்கே அனுப்புங்கள். மனிதவளப் பிரிவின் பொது முகவரிக்கு அனுப்பினால் அங்கேயே கிடக்கும். ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கலந்துகொண்டு கேள்வி கேட்கும் உரிமை உண்டு. பல கூட்டங்கள் காணொலியில் நடக்கின்றன. அம்பாசமுத்திரத்தில் வீட்டிலிருந்தே கேட்கலாம். பெரும்பாலான நிறுவனங்களுக்கு செப்டம்பர் 30-க்குள் கூட்டம் முடிந்துவிடும். நீங்கள் கேட்ட கேள்வியையும் வந்த பதிலையும் அறிக்கையில் சேருங்கள்.

ஊரில் உங்களுக்குப் பங்குச் சந்தை தெரியும் என்று பரவியதும் சொந்தக்காரர்கள் பணத்தோடு வருவார்கள். வாங்காதீர்கள். செபியில் பதிவு செய்யாமல் கட்டணம் பெற்றுப் பங்குப் பரிந்துரை கொடுப்பது சட்ட மீறல். அதற்கான விதிகள் 2014 முதல் இருக்கின்றன. பின்னாளில் பதிவுக்கோ வேலைக்கோ போகும்போது அந்தக் கறை முன்னால் வந்து நிற்கும். உங்கள் சொந்தப் பணத்தில் மாதம் சிறு தொகை போதும். வாங்கிய நாளில் ஏன் வாங்கினீர்கள் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, அதற்குப் பிறகு அதைத் திருத்தாமல் வையுங்கள்.

மறுப்பு வரும், பதிலே வராமலும் போகும். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற முதலீட்டாளரான வாரன் பஃபெட் கிரஹாமிடமே படித்து 1951-இல் பட்டம் பெற்று, அவரிடமே வேலை கேட்டார், கிடைக்கவில்லை. சொந்த ஊர் ஒமாஹாவுக்குத் திரும்பித் தரகு வேலை பார்த்துக்கொண்டே, தான் ஆராய்ந்த பங்குகளைப் பற்றி கிரஹாமுக்கு எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். 1954-இல் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

ஆகவே ஒரு முறை அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். மார்ச் காலாண்டைத் தவிர மற்றவற்றில், காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் நிறுவனங்கள் முடிவை வெளியிட்டாக வேண்டும். டிசம்பர் காலாண்டு என்றால் பிப்ரவரி 14-க்குள். முடிவு வந்த அன்று மாலையே உங்கள் அறிக்கையின் ஆறாவது பக்கத்தைத் திறந்து, எங்கே தப்பாக இருக்கக்கூடும் என்று எழுதியிருந்தீர்களோ அதற்கு நேரே நடந்ததைக் குறியுங்கள். அந்த ஒரு பக்கத்தை மட்டும், முன்பு பதில் போடாத அதே ஆய்வாளருக்கு மறுபடியும் அனுப்புங்கள்.